சித்தி ஜன்னல் அளக்கப் போன கட்டடம்

என் சித்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டாள், ஜன்னலைத்தான் பார்ப்பாள். திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, துணி மாதிரிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள். ஜன்னலின் நீள அகலத்தோடு அந்த வீட்டின் கதையையும் அளந்துகொண்டு வருவாள். "எல்லா ரூமுக்கும் சாட்டின் துணி. மாமியார் ரூமுக்கு மட்டும் மிச்சத் துணியில தைக்கச் சொல்றா, மகராசி" என்பாள்.

சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சித்தி நூறு வார்த்தை பேசினால் அவர் ஒரு தடவை தலையாட்டுவார். வேனில் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்டுக் கேட்டே அவர் பங்குப் பேச்சும் தீர்ந்துபோச்சு என்று சித்தி கேலி செய்வாள். சித்தியை அவர் கூப்பிடுவதெல்லாம் "இந்தா", "இங்க பாரு" என்றுதான். அவர் வாயிலிருந்து அவள் பேர் வந்து நான் கேட்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பேங்கில் வேலை. இரண்டு வேளைச் சாப்பாடு கீழேதான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, எங்கே போகிறாள் என்பதைச் செருப்பு மாட்டிக்கொண்டே சித்தி வாசலிலிருந்து கத்துவாள். யாரும் கேட்கிற மாதிரி தெரியாது. அன்றும் அப்படித்தான் கத்திவிட்டுப் போனாள். முந்தின நாள் ஒரு ஆண் குரல் போனில், "ஜன்னல் நிறைய இருக்கு, வந்து அளந்துட்டுப் போங்க" என்று சொல்லி முகவரி கொடுத்திருந்தது. கடைவீதியில், டயர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. பல வருஷமாக அந்த வழியாகத்தான் நான் பஸ்ஸில் போகிறேன். அங்கே ஒரு கட்டடம் இருப்பதாகவே என் மனதில் பதிந்ததில்லை.

இதற்குப் பிறகு உள்ளே நடந்ததெல்லாம் சித்தி எனக்குச் சொன்னது. முதல் தடவை சொல்லும்போது அவளுக்குக் கோர்வையாகவே வரவில்லை. பாதியில் நிறுத்தித் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பல தடவை கேட்டுத்தான் நான் இதை ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

கதவு திறந்தே இருந்ததாம். உள்ளே டியூப் லைட் எரியும் நீளமான நடை. புது பெயிண்ட் வாசனை. ஆள் யாருமில்லை. "சார், கர்ட்டன் அளக்க வந்திருக்கேன்" என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டு, வந்த வேலையைப் பார்ப்போம் என்று முதல் அறைக்குள் போனாள். அகலமான ஜன்னல். டேப்பை ஓரத்தில் வைத்து இழுத்தபடியே கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

அங்கே டயர் கடையின் சுவர் இருந்திருக்க வேண்டும். இருந்தது இன்னொரு அறை. இதே சாம்பல் நிறச் சுவர், இதே அளவு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு அறை. மூன்றாவது அறையில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் சுவரை அடித்துக்கொண்டிருந்தாள். துளிச் சத்தம் இல்லை.

சித்தி டேப்பைச் சுருட்டக்கூட இல்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வந்த கதவுக்கு ஓடித் திறந்தாள். நடையைக் காணோம். கீழே இறங்கும் படிக்கட்டு இருந்தது. அவள் தெருவிலிருந்து நேராகத் தரைத்தளத்துக்குள்தான் வந்திருந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தாள். இந்த முறை படிக்கட்டும் இல்லை, இன்னொரு அறை இருந்தது. போனில் சிக்னல் இல்லை. சித்திக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"யாருடா அது, என்கிட்ட விளையாடுறது? தைரியம் இருந்தா முன்னாடி வாங்கடா!"

பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆண் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. "கத்தாதீங்கம்மா. தொண்டைதான் போகும். இந்தப் பக்கம் வாங்க. சூப் ஆறிடப் போகுது."

உள்ளே போனால், மேஜைக்கு எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்ட நடுவயது ஆள். இன்னொருவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. மேஜையில் மூன்று தட்டில் ரொட்டியும் ஆவி பறக்கும் சூப்பும் இருந்தன.

"உட்காருங்க, சீக்கிரம்" என்றார் பெண்மணி.

"நான் எதுக்கு உட்காரணும்? வெளிய போற வழி எங்க, அதைச் சொல்லுங்க முதல்ல."

சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. பல்பு அணைவது போல இல்லையாம். அறையின் மூலைகளிலிருந்து இருட்டு ஊறி வந்ததாம். "உட்காருங்கன்னு சொல்றேன்ல!" என்று அந்தப் பெண்மணி சித்தியின் கையைப் பிடித்து இழுத்தார். சித்தி தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது.

"இங்க ஒரே ரூம்ல பாதிப் பேர் உட்கார்ந்து பாதிப் பேர் நிக்கக் கூடாது. உட்கார்ந்தா எல்லாரும் உட்காரணும். நின்னா எல்லாரும் நிக்கணும்."

"யார் போட்ட சட்டம் இது?"

"தெரிஞ்சா அவங்க காதைத் திருகியிருப்பேன். நான் கணக்கு டீச்சர். இவர் பல் டாக்டர்."

"பேரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க உங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் பல் டாக்டர்.

சித்தி வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வரவில்லை. என் பேரைச் சொல்லிப் பார்த்தாள், சித்தப்பா பேரைச் சொல்லிப் பார்த்தாள். எந்த மனுஷர் பேரும் அங்கே வாயை விட்டு வெளியே வரவில்லை. விரலைச் சூப்பில் நனைத்து மேஜைமேல் எழுதப் போனாள். முதல் எழுத்திலேயே விரல் மரத்துப்போய் நின்றுவிட்டது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் பேச முடிந்தது. அதனால் சித்தி வாய்க்கு வந்தபடி அந்தக் கட்டடத்தைத் திட்டினாள். அந்த வார்த்தைகளையும் எனக்குச் சொல்லியிருக்கிறாள், இங்கே எழுத முடியாது.

திட்டி ஓய்ந்த பிறகுதான் கேட்டாள். "மூணாவது தட்டை யாருக்கு வச்சிருந்தீங்க?"

"நாங்க வைக்கலம்மா. மேஜையில எப்பவும் இருக்கிற ஆளைவிட ஒரு தட்டு கூடத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "இப்ப பாருங்க."

சித்தி குனிந்து பார்த்தாள். மேஜையில் நான்கு தட்டுகள் இருந்தன. நான்காவதிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். ரொட்டியைத் தொடவில்லை.

டாக்டரும் டீச்சரும் சித்தியைப் போலவே தங்கள் வேலைக்காகக் கூப்பிடப்பட்டு வந்தவர்கள். டீச்சரை ஒரு குழந்தைக்கு ட்யூஷன் எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரை, நடக்க முடியாத ஒரு நோயாளியின் பல்லைப் பார்க்க. இருவருக்கும் எத்தனை வருஷம் ஆயிற்று என்று சரியாகத் தெரியவில்லை. அங்கே இரவு பகல் இல்லை.

"வெளிய போக வழியே இல்லையா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தர் போனதைப் பார்த்திருக்கேன். என் கூட ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். ஒருநாள் சுவருக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சு, அவர் பேரைச் சொல்லி. அவர் பேர் அப்பத்தான் எனக்கே தெரியும். சுவரு அப்படியே பிளந்து கதவாச்சு. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது, பஸ் ஹாரன் கேக்குது. அவர் போயிட்டார். நானும் பின்னாடியே ஓடினேன். சுவத்துல மோதிக்கிட்டதுதான் மிச்சம். ஆக, நம்மள வெளிய இருந்து யாராவது தேடி வந்து, பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"போனவர் வந்து உங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிடறேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் போனார்." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வரல."

அங்கே தூங்குவதும் ஒரு கண்டம். தூங்கினவர்கள் எழுந்திருக்கும்போது வேறு எங்கோ, தனியாகக் கிடப்பார்களாம். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தூங்கினால் மட்டும் பிரிவதில்லை. டாக்டரும் டீச்சரும் ஒரு கிழிந்த துணியால் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை காலம் தூங்கியிருக்கிறார்கள். சித்தி தன் இஞ்ச் டேப்பால் மூன்று பேர் கையையும் சேர்த்துக் கட்டினாள்.

கட்டிக்கொண்டு படுத்தபடியே வீட்டுக் கதை பேசினார்கள். டீச்சருக்கு ஒரு தம்பி. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மைதானத்துக்கு நடுவே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. "என்னைத் தேட யார் இருக்கா? பரீட்சை வந்தா பசங்க தேடுவாங்க" என்பார். டாக்டருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "என் வீட்டுக்காரி தேடிக்கிட்டேதான் இருப்பா. நான் இல்லாம அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது" என்பார். தபாலாபீசுக்குப் பின்தெருவில் கீழே கிளினிக், மேலே வீடு. சித்திக்குக் கடைவாய்ப் பல்லில் வலி இருந்தது. டாக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். வலிக்கிற இடத்தைத் தொடுவதற்கு முன்னால் "இப்ப கொஞ்சம் வலிக்கும், மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னார். இவ்வளவு பூப்போன்ற கை ஒரு ஆம்பளைக்கு உண்டா என்று சித்தி நினைத்துக்கொண்டாளாம்.

வெளியே எங்கள் நிலைமை இது. சித்தி அன்று வீடு திரும்பவில்லை. போலீஸில், கோபித்துக்கொண்டு போயிருப்பார், வந்துவிடுவார் என்றார்கள். அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள் வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நான் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை சித்தப்பா பேங்குக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"பாப்பா, நான் தினமும் அங்க போய் நின்னுட்டு வர்றேன். கதவு பூட்டியிருக்கு. ஆனா அவ உள்ளதான் இருக்கா. நீயும் வா."

"எங்க சித்தப்பா?"

"அன்னிக்குக் கத்திட்டுப் போனாள்ல. டயர் கடை பக்கத்துல."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதும் அன்றுதான்.

போய்ப் பார்த்தேன். கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. பூட்டும் கதவும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. யாரோ பல வருஷமாகத் திறக்காத கதவு. நான் "சித்தி! சித்தி!" என்று தட்டினேன். சித்தப்பா "இந்தா... இங்க பாரு... வெளிய வா" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் போனவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்க சித்தப்பா, போலாம்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். நெற்றியைக் கதவில் சாய்த்து, கூச்சத்தோடு, கிட்டத்தட்ட ரகசியம் போல, சித்தியின் பேரைச் சொன்னார்.

பூட்டு அப்படியே தொங்கியது. துரு உதிரவில்லை. ஆனால் கதவு ஒரு அலமாரிக் கதவைப் போலத் திறந்தது.

உள்ளே அந்த நேரத்தில் மூவரும் நடந்துகொண்டிருந்தார்களாம். சித்திக்குத் தன் பேர் சுவருக்குள்ளிருந்து கேட்டதும் முதலில் குரலை அடையாளம் தெரியவில்லை. யாரோ அந்நிய ஆள் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். அப்புறம்தான் புரிந்தது. சுவர் பிளந்து வெயில் விழுந்தது. இரண்டு பக்கமும் கையை நீட்டி டாக்டரையும் டீச்சரையும் இறுக்கிப் பிடித்தாள்.

"முடியாதும்மா, நீங்க போங்க" என்றார் டீச்சர்.

"சும்மா வாங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

நான் பார்த்தது இதுதான். சித்தி இரண்டு கைகளையும் பின்னால் நீட்டி, எதையோ பலமாக இழுத்துக்கொண்டு, தெருவில் வந்து விழுந்தாள். அவள் கைகளில் ஒன்றுமில்லை. விரல்கள் அவ்வளவு இறுக மூடியிருந்ததால் நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. பின்னால் கதவு பூட்டியிருந்தது, துருவோடு.

"அவங்க எங்க? என் கையில பிடிச்சிருந்தேனே, அவங்க எங்க?"

சித்தப்பா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "சாப்பிட்டியா?" என்றார். சித்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

டயர் கடைக்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்தார். "இதே மாதிரி ஒரு ஆள் வந்து விழுந்ததை நான் முன்னாடியும் பார்த்திருக்கேன்மா. எலக்ட்ரீஷியன்னு சொன்னார். அப்புறம் அடிக்கடி வருவார். இந்தக் கதவு முன்னால நின்னு 'டீச்சர், டீச்சர்'னு கூப்பிட்டுட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போவார். பேர் தெரியலையே, பேர் தெரியலையேன்னு புலம்புவார். கடைசில ஒருநாள் வர்றதை நிறுத்திட்டார்."

அதைக் கேட்டதும் சித்தியின் அழுகை நின்றுவிட்டது. எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "மைதானத்துக்கு நடுவுல தண்ணித் தொட்டி இருக்கிற பள்ளிக்கூடம் எது?" என்று சித்தப்பாவைக் கேட்டாள். ஊரில் உள்ள எல்லாப் பள்ளிக்கூட வாசலும் அவருக்குத் தெரியும். வேனை எடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் எங்களை நம்ப வைப்பது பெரும்பாடாகிவிட்டது. காணாமல் போன கணக்கு டீச்சரின் தம்பி அவர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். ஆசிரியர்கள் அறையில் எல்லாரும் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் சித்தி, "அவங்க கண்ணாடிக் காலை நூல் போட்டுக் கட்டியிருப்பாங்க" என்றாள். மூலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சயின்ஸ் டீச்சர் பேனாவைக் கீழே போட்டார். "அந்த நூலைக் கட்டிவிட்டதே நான்தான்" என்றார்.

அவரே எங்களோடு வேனில் வந்து, கதவைத் தட்டி, அழுதுகொண்டே தோழியின் பேரைச் சொன்னார். கதவு திறந்தது. கணக்கு டீச்சர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு தெருவில் கால் வைத்தார். "மணி என்ன ஆச்சு?" என்றார், ஏதோ பீரியடுக்கு நேரமாகிவிட்ட மாதிரி. அப்புறம் சித்தியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கலம்மா. டாக்டர் உள்ள தனியா இருக்கார். நான் வரும்போது சிரிச்சுட்டே சொன்னார், என் வீட்டுக்காரிகிட்ட சீக்கிரம் போய்ச் சொல்லுங்கன்னு."

மறுநாள் சித்தியும் நானும் டீச்சரும் தபாலாபீசுக்குப் பின்தெருவுக்குப் போனோம். கிளினிக் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. டாக்டரின் பேர்ப்பலகை மட்டும் ஒரு மூலையில், பாதி தெரிகிற மாதிரி சாத்தி வைத்திருந்தது. கடையில் இருந்தவர்தான் டாக்டரின் மனைவி. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே ஒன்றுமே கேட்கவில்லை. முடித்ததும் போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரும்மா. உங்களைத்தான் சொல்லிட்டே இருந்தார். நீங்க வந்து ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும்" என்றாள் சித்தி.

"நான் கூப்பிட மாட்டேன்."

சித்திக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும். "என்னம்மா சொல்றீங்க?"

அந்தம்மா ரவிக்கைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. "பேஷண்ட் எல்லாரும் அவரைத் தங்கமான மனுஷன்னு சொல்வாங்க. பொய் இல்ல. கீழ தங்கம்தான். மாடிப்படி ஏறினா வேற ஆளு. வெளிய போகும்போது என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவியை எடுத்துட்டுப் போயிடுவார். அவர் வராமப் போன அன்னிக்கும் பூட்டிட்டுத்தான் போனார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரங்கதான் பூட்டை உடைச்சாங்க. அன்னிக்குத்தான் நான் வெளிய வந்தேன். திரும்ப அந்தப் பூட்டுக்குள்ள போகச் சொல்றீங்களா?"

சித்தி பேசாமல் இருந்து நான் பார்த்த முதல் சந்தர்ப்பம் அது. டீச்சர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். வருஷக்கணக்காக அந்த ஆளின் கையோடு தன் கையைக் கட்டிக்கொண்டு தூங்கியவர் அவர். திரும்பி வரும் வழியெல்லாம் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "என் பல்லைத் தொட்ட கைடி அது" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பேர் இப்போது சித்திக்குத் தெரியும், பலகையில் பார்த்துவிட்டாள். தானே போய்க் கூப்பிடலாம். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. டீச்சரிடம் கேட்டாள். "நான் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிட்டாத் தடுக்கவும் மாட்டேன்" என்றார் டீச்சர். சித்தப்பாவிடம் கேட்டாள். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்தம்மாகிட்ட கேளு. கை உடைஞ்சது அவங்களுக்குத்தானே" என்றார்.

சித்தி மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். "எனக்குப் பேர் தெரிஞ்சுபோச்சும்மா. ஆனா நீங்க சொல்லாம கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினாராம். பல மாதம் கழித்துத்தான் போன் வந்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் கடையைக் குடுத்துட்டு ஊர் மாறிட்டேன். எங்கன்னு உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க. இனி நீங்க அவரைக் கூப்பிடலாம். ஒரு ஆளை அடைச்சு வச்சிருக்கோம்ங்கிற நினைப்போட என்னால இருக்க முடியல. அது அவர் குணம், எனக்கு வேண்டாம்."

மறுநாள் மதியம் சித்தியும் நானும் சித்தப்பாவும் வேனில் போனோம். சித்தி பேரைச் சொன்னாள். கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் சிரித்தபடி வெளியே வந்தார். மெலிந்திருந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவ வரலையா?"

"வரல. ஊரை விட்டே போயிட்டாங்க" என்றாள் சித்தி. "கையைக் காட்டினாங்க டாக்டர்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் செய்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. திரும்பி அந்தக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்து மோதினார். துருப்பிடித்த பூட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "திறங்க" என்றார், சத்தமில்லாமல். கை சிவந்துபோன பிறகு டயர் கடைக்கு முன்னால் கிடந்த ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். வெளிச்சம் எங்கும் போகவில்லை.

கடைசியில் சித்தப்பா வேன் கதவைத் திறந்து பிடித்தார். டாக்டர் ஏறி, பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். அவர் எந்த பஸ்ஸில் ஏறினார் என்று சித்தப்பா பார்க்கவில்லை. அவரை வெளியே கொண்டுவந்தது சரியா தப்பா என்று சித்தி இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. அந்தம்மாவின் போன் நம்பர் மறுநாளிலிருந்து வேலை செய்யவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கணக்கு டீச்சர் மறுபடி வேலைக்குச் சேர்ந்து, எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார். சித்தியும் பழையபடி டேப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுவரை அடித்துக்கொண்டிருந்த பெண்ணையும், அவளைப் போல உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்களையும் சித்தியால் மறக்க முடியவில்லை. அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. அதனால் என்ன, உலகத்தில் இருக்கிற பேரெல்லாம் சொல்லிப் பார்த்தால் போகிறது என்று ஆரம்பித்தாள். கடைவீதிப் பக்கம் வேலை இருக்கிற நாளெல்லாம் அந்தக் கதவின் முன்னால் நின்று, நினைவுக்கு வரும் பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். டீச்சர் லீவு நாளில் வந்து தன் பழைய வகுப்புப் பிள்ளைகளின் பேர்களை ஒப்பிப்பார். டயர் கடைக்காரர் தன் சொந்தக்காரர்கள் பேரை எல்லாம் கூவிப் பார்த்துவிட்டார். "பெண்டாட்டி வீட்டு ஆளுங்க பேரை மட்டும் மெதுவாச் சொன்னேன்" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து வேறு பக்கமாக நடப்பார்கள். நானும் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன், தொண்டைதான் போகும் என்று. கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் பேங்கிலிருந்து சாப்பிட வந்த நேரம். பஸ்ஸிலிருந்தே சித்தியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். அவள் கழுத்தில் டேப்போடு, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு யோசித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

வெளியே வந்தவர் எழுபது வயதிருக்கும். ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கத்தரி. யாருக்கோ முடிவெட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வெயிலில் கண் கூச, தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சித்தியைப் பார்த்தார்.

"நீயாம்மா கூப்பிட்ட? நீ யாரு? என்னை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கய்யா" என்றாள் சித்தி. "வாங்க, முதல்ல நிழலுக்கு வாங்க. உங்க வீடு எங்க இருக்கு?"